அறை இல்லை

மோட்டார் ஓட ஆரம்பித்தபோது மணி இரண்டே முக்கால். பதினோரு மாதம் சும்மா கிடந்து இறுகிப்போன மோட்டார். மெக்கானிக் அதைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டதும் முதலில் கிழவனைப் போல இருமியது. பிறகு சீராக உறுமியது. மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கீழே வரவேற்பு மேசை வரை கேட்டது. என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாற்பது நிமிஷம். நான் மறந்தாலும் நீ மறந்துடாதே."

எங்கள் தொட்டி நிறைய எப்போதும் நாற்பது நிமிடம்தான்.

பிறகு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "இந்தப் போர்டைத் திருப்பி மாட்டிடு. திங்கட்கிழமை தண்ணி டெஸ்ட் முடியாம யாருக்கும் ரூம் குடுக்க முடியாது. பாவம், எவனாவது பெட்டியைத் தூக்கிட்டு முப்பது படி ஏறி வந்துட்டு வெறுங்கையோட இறங்குவான்."

"நீங்களே மாட்டுங்களேன். என் கையெல்லாம் சோப்பு."

"எனக்கு எட்டுமா?"

எங்கள் லாட்ஜில் எட்டு அறைகள். அதனால் ஊரில் அவருக்கு 'எட்டு' என்று பெயர். சின்னவர்களுக்கு 'எட்டண்ணன்'. ஆள் என்னைவிட ஒரு சாண் குள்ளம். "பேருதான் எட்டு, ஒண்ணும் எட்டாது" என்று படகுத்துறையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பத்தொன்பது வருடமாக அந்தப் பலகையைத் திருப்பியது நான்தான். ஒரு பக்கம் 'அறை உண்டு', மறுபக்கம் 'அறை இல்லை'. பெயின்டர் எழுதி மாட்டிய அன்றே எதிர்க்கடைக்காரர் சொன்னார், "உள்ள போனா அறை உண்டாம், பார்த்துப் போங்கப்பா." அந்த நகைச்சுவையை ஊர் பத்தொன்பது வருடமும் விடவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொக்கியிலிருந்து பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். அவர் தெருவில் நின்று பார்த்து, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். சரி செய்தேன். போதும் என்றார்.

எங்கள் ஊரில் விளைவது ஒன்றும் இல்லை. ஒரு ஏரி, சுற்றிலும் மலை, ஏறி வர ஒரே சாலை. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் எங்கள் விளைச்சல். நோய் பரவிய அன்று சாலையின் முகப்பில் ஒரு கம்பம் இறங்கியது. சோதனைச் சாவடி வந்தது. ஆரம்பத்தில் இரண்டு வாரம் என்றார்கள். பதினோரு மாதம் அது ஏறவில்லை. படகுகளைக் கவிழ்த்து வைத்தார்கள். அடியில் நாய்கள் குட்டி போட்டன. சவாரிக் குதிரைகள் குப்பைத் தொட்டியில் அட்டைப்பெட்டி தின்றன. அதில் இரண்டு செத்து சாலையிலேயே ஊதிக் கிடந்தன. மோட்டார் பழுது பார்க்க ஊரில் இருந்த ஒரே ஆளும் நோயில் போய்ச் சேர்ந்தார்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு வழி திறந்தது. பத்து நாள் சோதனை. நாளைக்கு ஐம்பது வண்டிகள். ஒவ்வொருவர் கையிலும் பாஸ், பரிசோதனைத் தாள். பத்து நாளும் ஒழுங்காக நடந்தால் கம்பம் மேலே ஏறும். நடுவில் பாஸ் இல்லாத ஒரே ஒரு ஆள் ஊருக்குள் பிடிபட்டாலும் மறுபடி ஆறு மாதம் மூடல். இதை ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. "ஒரே ஒரு ஆள்" என்ற இடத்தில் அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சொன்னது. குழந்தைகள்கூட அதைச் சொல்லி விளையாடினார்கள்.

ஜீப் ஓட்டுபவர்களும் படகுக்காரர்களும் சேர்ந்து காவல் கூட்டம் ஒன்று அமைத்தார்கள். அதற்கு என் தம்பி தலைவன். தம்பி என்றால் கூடப் பிறந்தவன். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அவனுக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது என் கணவர். ஸ்டியரிங்குக்கு மேலே பார்க்க முடியாமல் தலையணை போட்டு உட்கார்ந்துதான் அவர் சொல்லிக்கொடுத்தார். தம்பியின் ஜீப் பதினோரு மாதமாகச் செங்கல் மேல் நின்றது. அவன் தினமும் போய் அதைத் துடைத்துவிட்டு வருவான்.

சோதனையின் மூன்றாம் நாள் காய்கறி லாரிக்காரன் ஒருவன் தார்ப்பாய்க்குள் ஒரு கணவன் மனைவியை ஒளித்துக் கொண்டுவந்தான். போலீஸுக்குத் தெரிவதற்குள் காவல் கூட்டத்தார் எங்கள் வளைவில் பிடித்துவிட்டார்கள். லாரிக்காரனைக் கீழே இழுத்துப் போட்டு வீல் ஸ்பானரால் முழங்காலை உடைத்தார்கள். அந்தக் கணவன் மனைவியை மலை அடிவாரம் வரை வெறுங்காலோடு நடக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் ஒற்றைச் செருப்பு எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தது.

அன்று மதியம் தம்பி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். சாப்பிட்டபடியே நடந்ததைச் சொன்னான்.

"நல்லா வேணும்" என்றேன். "ஒருத்தன் ஆசைப்பட்டதுக்கு ஊரே சாகணுமா?"

இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை. சொன்னது நான்தான்.

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டி போச்சுன்னா அந்த ஆள் இனிமே கிளட்ச் மிதிக்க முடியாதே, மச்சான்."

"அதுக்குத்தான் அத்தான் உடைச்சோம்."

நான் தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

இனி ஒன்பதாம் நாள். அன்றைக்கு மூன்று விஷயங்கள் சேர்ந்துகொண்டன. தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கும் பெறாதவை.

முதலாவது, விரிப்புகள். பூஞ்சை பிடித்த படுக்கை விரிப்புகளை எல்லாம் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தேன். பதினாறு. லாட்ஜ் ஊரில் அடுத்தவன் மாடியில் காயும் விரிப்பை எண்ணுவது பழக்கம். எண்ணினால் அவனுக்கு எத்தனை அறை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். பதினாறு விரிப்பு என்றால் எட்டு அறையும் நிறைந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் டெஸ்ட் முடியாத லாட்ஜில் யாரையும் தங்க வைக்கக் கூடாது என்பதால், நிறைந்திருந்தால் அது பாஸ் இல்லாமல் ஒளித்து வந்த கூட்டம்தான் என்று நினைக்கத் தோன்றும்.

இரண்டாவது, மெக்கானிக். மலைக்குக் கீழே இருந்து வந்தவன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வேலைக்கான பாஸ் வாங்கி, மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டளையோடு காலையில் வந்தான். தொட்டியைப் பார்க்க மொட்டைமாடியில் ஏறி நின்றவனை ஏரிக்கரையிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். தெரியாத முகம்.

மூன்றாவது, நான் திருப்பி மாட்டிய பலகை. வேறு ஊராக இருந்தால் 'அறை இல்லை' என்பதைப் பார்த்து, இன்றைக்குக் கொடுப்பதில்லை போலிருக்கிறது என்று போயிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படிப் படிக்க யாருக்கும் தெரியாது. 'அறை இல்லை' என்றால் எல்லாம் நிரம்பிவிட்டது. அதற்கு அந்த ஒரு அர்த்தம்தான். மூடியிருக்கிறது என்று சொல்ல எங்களிடம் பலகையே கிடையாது. பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தபோதும் எங்கள் வாசலில் 'அறை உண்டு' என்றுதான் தொங்கியது.

மெக்கானிக் கிரீஸும் சேறுமாக நின்றான். என் கணவர் அவனிடம் துண்டைக் கொடுத்தார். "ஆறாம் நம்பர்ல போய்க் குளிச்சிட்டுக் கிளம்புங்க தம்பி. தொட்டித் தண்ணி முதல்ல அந்தக் குழாய்க்குத்தான் வரும்."

அவன் மாடிக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது.

அப்போது மணி மூன்று. படிகளில் காலடிச் சத்தம். பதினைந்து பேர் இருக்கும். எல்லோரும் தெரிந்த முகம். முன்னால் வந்தவரை ஊரில் 'நீச்சல்' என்பார்கள். முப்பது வருடம் படகு ஓட்டியும் நீச்சல் தெரியாதவர் என்பதால் வந்த பெயர். தோளில் துடுப்பு. பின்னால் வந்தவர்கள் கையில் வீல் ஸ்பானர், ஜாக்கி கம்பி, ஒருவனிடம் குதிரைக்கயிறு. தம்பி வெறுங்கையோடு வந்தான்.

"என்ன எட்டு, போர்டெல்லாம் திரும்பியிருக்கு?" என்றார் நீச்சல். சிரித்தபடிதான் கேட்டார்.

"ஆமாம்பா. திங்கட்கிழமை வரைக்கும் இல்லை."

"எத்தனை ரூம் போயிருக்கு?"

"ஒண்ணும் போகலை. தண்ணி டெஸ்ட் முடியலை. அதனாலதான் திருப்பச் சொன்னேன்."

"ஒண்ணும் போகாததுக்கா 'அறை இல்லை'? பதினாறு பெட்ஷீட்டுல யாரு படுத்தா, உன் பொண்டாட்டியா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முன்னால் வந்தேன். "பூசணம் பிடிச்சதைத் துவைச்சுப் போட்டிருக்கேன். வேணும்னா மாடியில போய் மோந்து பாரு."

தம்பி என்னைப் பார்க்காமல் அவரிடம் பேசினான். "அத்தான், மாடியில ஒருத்தன் நின்னானே, யாரு?"

"மோட்டார் மெக்கானிக், மச்சான். காலையில சாவடியில காட்டிட்டுத்தான் வந்தார்."

"மெக்கானிக் எங்கே?"

"குளிக்கிறார்."

"மோட்டார் ரிப்பேருக்கு வந்தவனுக்கு ரூம் எதுக்கு?" என்றான் கயிறு வைத்திருந்தவன். "மணமேடைக்கா போறான்?"

நான் மேசை மேல் இருந்த போனை எடுத்தேன். சாவடிக் காவலரைக் கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, குடு. போலீஸ் உள்ள வந்தா பேப்பர்ல எழுதுவான். எழுதினா ஊர் மூடிடும். நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

"என்னடா இருக்கு முடிக்கிறதுக்கு?"

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சின்ன வயதில் அவன் கையிலிருந்து கண்ணாடித் துண்டை நான் அப்படித்தான் பிரித்து எடுப்பேன்.

அவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். கீழே இருந்த இரண்டும் காலி. மாடியில் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு காலி. வெறும் கட்டில், சுருட்டிய மெத்தை. மெத்தைகளைக் கிழித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை, பஞ்சுக்குள் யாரும் ஒளிய முடியாது. ஏழாம் அறையின் கண்ணாடியை ஒருவன் உடைத்தான். காலியாக இருந்ததற்காக அவர்களுக்குக் கோபம் கூடிக்கொண்டே போனதுபோல இருந்தது. ஆறாம் அறை மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுச் சட்டென்று நின்றது.

எங்கள் லாட்ஜ் கதவுகளில் உள்தாழை வெளியிலிருந்து விலக்க ஒரு சாவி உண்டு. தங்கியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் திறப்பதற்கு. எட்டு அறைக்கும் சேர்த்து ஒரே சாவி. அது எப்போதும் என் கணவரின் சட்டைப்பையில் இருக்கும்.

"சாவியைக் குடு" என்றார் நீச்சல்.

என் கணவர் ஆறாம் அறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். குள்ளமான ஆள், கதவின் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அவர் தலை இருந்தது. "கையில இருக்கறதை எல்லாம் கீழ வைங்க. அவரே பாஸை எடுத்துட்டு வெளிய வருவார். நான் கூப்பிடறேன்."

"நீ சாவியைக் குடு. நாங்க கூப்பிட்டுக்கறோம்."

"தங்கியிருக்கறவர் ரூமை நான் வெளிய இருந்து திறந்ததில்லை. திறக்கவும் மாட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம் அது. அடித்துக்கொண்டு பிரிந்த தம்பதிகளிடம் சொல்லியிருக்கிறார், மகளைத் தேடி வந்த தகப்பன்களிடம் சொல்லியிருக்கிறார். கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும், குழாய் மாற்ற வந்தவராக இருந்தாலும், அவருக்கு அந்த ஆள் 'தங்கியிருக்கறவர்'தான். லாட்ஜ்காரன் வாய்க்கு வேறு வார்த்தை வராது. வாய் பழகிப்போய் வந்த அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"கேட்டியா? தங்கியிருக்காராம்" என்றான் கயிற்றுக்காரன். "அவன் வாயாலேயே சொல்லிட்டான்."

"அப்படிச் சொல்லலை" என்றேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தம்பி முன்னால் வந்தான். அவன் முகம் வியர்த்திருந்தது. "அத்தான், இன்னும் ஒரே நாள். நாளைக்கு ஒரு நாள் போனா கம்பம் ஏறிடும். என் வண்டி கீழ இறங்கிடும். உங்களுக்காக ஊர் முழுக்கச் சாகணுமா? சாவியைக் குடுங்க."

"மச்சான், நீ மட்டும் இரு. மத்தவங்களை இறங்கச் சொல்லு. அவரையே கதவைத் திறந்து உன்கிட்ட பாஸைக் காட்டச் சொல்றேன்."

தம்பி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பல வருடமாக யோசித்துவிட்டேன். அவன் இறங்கச் சொல்லியிருந்தால் சிலராவது இறங்கியிருப்பார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் நீச்சல், "தலைவர் சொந்தக்காரன்னதும் குழையறாரு" என்றார். அவ்வளவுதான். தம்பி திரும்பி என் கணவரைக் கன்னத்தில் அறைந்தான்.

அவருடைய கண்ணாடி பறந்து சுவரில் பட்டு விழுந்தது. பின்னால் யாரோ, "அறை உண்டுடோய்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பத்தொன்பது வருட நகைச்சுவை அது. நானே பலமுறை சிரித்திருக்கிறேன்.

என் கணவர் கன்னத்தைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடுத்துத் தொலையுங்கள் என்றுகூட மனசுக்குள் வேண்டினேன். அவர் அதை வலது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கயிற்றுக்காரனும் இன்னொருவனும் அவரைச் சுவரோடு அழுத்தி அந்தக் கையை முன்னால் இழுத்தார்கள். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒருவன் கட்டைவிரலைப் பின்னால் மடக்கினான். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை; மூக்கு வழியே ஒரு நீளமான மூச்சு வந்தது. நான் அவன் தோளைக் கடித்தேன். வாயில் சட்டையும் சதையும் சேர்ந்து வந்தன. முழங்கையால் என்னை இடித்தான். என் முன்பல் ஒன்று அப்போதுதான் போயிருக்க வேண்டும். வலி தெரியவில்லை. சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில் ஈரம். மொட்டைமாடிப் படியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மெல்லிய கோடாக, பிறகு படி அகலத்துக்கும். தொட்டி நிறைந்துவிட்டது. மோட்டாரை அணைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில், என் கணவரின் கையை நாலு பேர் பிடித்திருக்கும்போது, மோட்டாரை அணைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"விலகுங்கடா" என்றார் நீச்சல். இழுத்துப் பிடித்திருந்த கையின் மேல் துடுப்பை இறக்கினார். முழங்கைக்குக் கீழே கை கோணலாகத் தொங்கியது. அப்போதும் விரல்கள் திறக்கவில்லை. அவர்கள் கையை விட்டதும் என் கணவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்தார். படிக்கட்டின் பக்கம் போனார். அவர்களைக் கதவிலிருந்து விலக்கிக் கூட்டிக்கொண்டு போகத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நம்புகிறேன். கோழி குஞ்சிடமிருந்து பருந்தை இழுத்துக்கொண்டு போவதுபோல.

நீச்சல் பின்னாலேயே போனார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, கரையைத் தள்ளிப் படகை எடுப்பதுபோலப் பின்னால் சாய்ந்து, வீசினார். அது காதுக்கு மேலே பட்டது. என் கணவர் படிகளில் விழுந்தார். பதினான்கு படி. முதல் இரண்டு படியில் மட்டும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரோடு சேர்ந்து சும்மா இறங்கினார்.

கீழே அவருக்கு ஒரு கண் திறந்திருந்தது. காதிலிருந்து வந்த இரத்தத்தைத் தண்ணீர் உடனுக்குடன் கழுவிக்கொண்டு போனதால் காயம் சின்னதாகத் தெரிந்தது. அவர் தலையை மடியில் எடுத்து வைத்தேன். பின்மண்டை கைக்கு மெத்தென்று இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஊர் வைத்த பேரை இல்லை, அவருடைய அம்மா வைத்த பேரை. உதடு அசைந்தது. 

மேலே அவர்கள் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாவி இல்லாமல் உடைக்க முடியும் என்றால் முதலிலேயே உடைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கதவு விழுந்தது. அந்தப் பையனின் குரல் ஒருமுறை கேட்டது, "அண்ணே, பாஸ் இருக்குண்ணே." அதற்குப் பிறகு அடி விழும் சத்தம் மட்டும். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

அது நின்றபோது யாரோ ஒருவர் தாளைப் படிப்பது கேட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார். பெயர். தொழில், மோட்டார் பழுது நீக்குபவர். செல்ல வேண்டிய இடம், எங்கள் லாட்ஜ். நேரம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கீழே சாவடியின் முத்திரை, அன்றைய தேதி.

படித்து முடித்தார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்; காலை அகட்டித் தாண்டினார்கள். கயிற்றுக்காரன் தண்ணீரில் கயிற்றை விட்டுவிட்டுப் போனான். நீச்சல் துடுப்பை மறக்காமல் எடுத்துப் போனார். தம்பி கடைசியில் வந்தான். கடைசிப் படிக்கு முன்படியில் உட்கார்ந்தான். தண்ணீர் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா," என்றான். "அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். என் வண்டி..." நிறுத்திவிட்டான். அவன் வண்டி செங்கல் மேல் இருந்தது.

தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். படியோரம் யாரோ போட்டுவிட்டுப் போன ஜாக்கி கம்பி கிடந்தது. அதை எடுத்து அவனை அடித்தேன். முதல் அடி தோளில். எலும்பு உடைந்தது கையில் தெரிந்தது. அவன் தடுக்கவில்லை. இரண்டாவது வாயில். மூன்றாவது எங்கே என்று நினைவில்லை. அவன் படியிலேயே சாய்ந்தான். நான்காவதாக ஓங்கியபோது அவன் முகம் ஆறு வயதுப் பையனின் முகமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அவன் முகம் முகமாகவே இல்லை. கை தளர்ந்ததால்தான் நிறுத்தினேன், இரக்கத்தால் இல்லை.

அவன் சட்டைப்பையிலிருந்து என் போனை எடுத்துச் சாவடிக்குப் பேசினேன்.

காவலர்கள் வந்து சேர்வதற்குள் என் கணவர் போய்விட்டார். கையைத் திறக்க அவர்களாலும் முடியவில்லை, பிணவறையில்தான் திறந்தார்கள். சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

மெக்கானிக் பிழைத்தான். இடது கண் போய்விட்டது.

கொலை நடந்த ஊர் என்று மறுநாளே தடை உத்தரவு வந்தது. பத்தாம் நாள் நடக்கவே இல்லை. அதன்பின் கம்பம் ஏறுவதற்கு ஏழு மாதம் ஆனது. போலீஸ் கணக்கில் பாஸ் இல்லாத ஆள் ஒருவர்கூட ஊருக்குள் பிடிபடவில்லை.

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "படியெல்லாம் தண்ணி இருந்துச்சு இல்லையாம்மா? உங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்திருக்கலாம் இல்லையா?"

"வழுக்கலை. துடுப்பால அடிச்சார். நான் பார்த்தேன்."

"மோட்டாரை அணைக்க வேண்டியது யாரு?"

"நான்."

"அந்தப் போர்டைத் திருப்பி மாட்டினது?"

"நான்."

அவர் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு எதுவும் இல்லை. இரண்டும் உண்மை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிணக்கூறு சோதனை செய்த மருத்துவர், மண்டையில் இருந்த காயம் படியின் விளிம்பு அளவு இல்லை, துடுப்பின் அளவு என்று சொன்னார். நீச்சல் இன்னும் சிறையில் இருக்கிறார். தம்பி வெளியே வந்துவிட்டான். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, முன்வரிசைப் பற்கள் கட்டியவை. எனக்கும் ஒரு பல் கட்டியதுதான். ஜீப்பை மறுபடி ஓட்டுகிறான். முன்பெல்லாம் எங்கள் வளைவில் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். ஆள் கொண்டு வருகிறேன், அறையைத் தயார் செய் என்று அர்த்தம். இப்போது வளைவு வருவதற்கு முன்பே இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போகிறான். வேலையாக உள்ளே இருந்தாலும் அந்தச் சத்தமின்மை எனக்குக் கேட்டுவிடுகிறது.

ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள். ஏரியில் படகுகள் போகின்றன. லாட்ஜை நான் நடத்துகிறேன். ஆறாம் அறைக்குப் புதுக் கதவு போட்டேன். அதன் தாழை வெளியிலிருந்து திறக்க முடியாது. தச்சர் ஆபத்துக்கு ஒரு வழி வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

போன மாதம் மெக்கானிக் வந்தான். மலைக்கு ஏதோ வேலையாக வந்தவன், பார்த்துவிட்டுப் போகலாமென்று படி ஏறியிருக்கிறான்.  தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மோட்டாரைப் பார்க்கட்டுமா என்று கேட்டான். ஒற்றைக் கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான்.

"நல்லா இருக்குக்கா. கை வைக்க வேண்டியதில்லை."

சுவிட்சைப் போட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தொட்டி நிறைய நாற்பது நிமிடம் ஆனது.